பழைய மேசைக் கணினியில் ரேமும் எஸ்எஸ்டியும் சேர்த்தபின் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒரு மேசைக் கணினி, 4 ஜிபி ரேமையும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கையும் வைத்துக்கொண்டு ஒரு பிரவுசரைத் திறப்பதற்கே திணறுகிறது என்றால், அதைக் கழித்துக்கட்டுவதற்கு முன் இன்னொரு ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவ்) சேர்த்துப் பார்ப்பதே சரியான செலவு என்பது என் உறுதியான கருத்து. இரண்டுமே ஒரு ஸ்க்ரூடிரைவரோடு முடிந்துவிடும் வேலைகள். ஆனால் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தியதும் டிஸ்பிளே வராமல் போனாலோ, புதிய டிரைவ் கண்ணிலேயே படாமல் போனாலோ, வாங்கிய பொருள் பழுது என்றோ மதர்போர்டே போய்விட்டது என்றோ பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருப்பதில்லை.

எங்கே தேடுவது என்பதைக் கணினியே சொல்லிவிடும். மின்சாரம் கொடுத்ததும் அது ஒரு வரிசைப்படிதான் எழுகிறது. முதலில் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி மதர்போர்டுக்கு மின்சாரம் தருகிறது. அடுத்து, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் ரேமை அடையாளம் கண்டு சோதிக்கிறது. அது தேறிய பிறகுதான் திரையில் நிறுவனச் சின்னம் தோன்றுகிறது. அதன்பின் எந்த டிரைவிலிருந்து இயங்குதளத்தை ஏற்றுவது என்று பயாஸ் தேடுகிறது. கடைசியாக விண்டோஸ் எழுகிறது. ஆகவே சின்னமே வராமல் நின்றால் ரேமையும் மின் இணைப்புகளையும் பாருங்கள். சின்னம் வந்து அதற்கப்பால் போகாவிட்டால் டிரைவையும், பயாஸ் டிரைவுகளைத் தேடும் வரிசையான பூட் வரிசையையும் பாருங்கள். விண்டோஸ் எழுந்த பிறகு வரும் குறைகளில் பெரும்பாலானவை செட்டிங் சார்ந்தவை; பழுதான ரேம் மட்டும் அங்கேயும் தலைகாட்டும், அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தப் பாகுபாடு பயன்பட வேண்டுமென்றால் ரேமையும் டிரைவையும் ஒரே மூச்சில் மாட்டக்கூடாது. முதலில் ரேமை மட்டும் மாட்டி, விண்டோஸ் வரை போய், முழு அளவும் தெரிகிறதா என்று பார்த்து, பிறகு அணைத்துவிட்டு டிரைவை மாட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து மாட்டியவர்கள் இப்போது டிரைவைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடர்வது நல்லது.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன் மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவுக்குப் பிரதி எடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிரைவிலுள்ள தகவலைப் பூட்டிவைக்கும் வசதிகள்) இயங்கினால் அதன் மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸுக்குள் சென்று, சாட்டா முறை (டிரைவோடு பேசும் முறை) எது, பூட் முறை புதிய வகையான யூஇஎஃப்ஐ-யா பழைய வகையான லெகசியா என்று காட்டும் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படம் எதற்கு என்பது கீழே விளங்கும். பிறகு மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி, கணினியின் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறை ரேமைக் கழற்றி மாட்டும்போதும் மின்கம்பி கழன்றிருக்க வேண்டும். பொத்தானில் அணைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் கம்பி செருகியிருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அறிகுறி: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை, அல்லது பீப் சத்தம் வருகிறது

ரேம் மாட்டியபின் அதிகம் வரும் புகார் இது. முதல் சந்தேகம் ரேம் முழுதாக உள்ளே இறங்கவில்லை என்பதாகவே இருக்க வேண்டும். புதிதாக மாட்டுபவர்கள் மதர்போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து மென்மையாக அழுத்துகிறார்கள். ஆனால் ரேம் இறங்குவதற்கு இரண்டு கட்டை விரல்களின் நல்ல அழுத்தம் தேவை. கைப்பேசி விளக்கை அடித்து ஸ்லாட்டின் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். ரேமின் அடியில் தெரியும் தங்கநிறக் கோடு இரு முனைகளிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்; ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் தெரிந்தால் ரேம் சாய்ந்து நிற்கிறது என்று பொருள். இரு முனைகளிலும் கொக்கி உள்ள ஸ்லாட்டில் இரண்டும் 'டக்' என்று தாமாக மூடிக்கொள்ள வேண்டும். சில மதர்போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே அசையும் கொக்கி இருக்கும். அங்கே கொக்கி இல்லாத முனைதான் ஏமாற்றும், அந்தப் பக்கத்தை முதலில் அழுத்திவிட்டு மறுபக்கத்துக்கு வாருங்கள்.

உள்ளே கைவிட்டு வேலை செய்தபோது வேறு ஏதேனும் தளர்ந்ததா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மதர்போர்டின் 24 முனை மின் இணைப்பு, பிராசசர் அருகிலுள்ள 4 அல்லது 8 முனை இணைப்பு, கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அது ஸ்லாட்டில் நிற்கும் விதம், மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்பது ஆகியவை அரை நிமிடத்தில் பார்த்து முடிக்கக்கூடியவை.

அதன் பிறகும் டிஸ்பிளே இல்லையென்றால் ரேமை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பழைய ரேமை மட்டும் அதன் பழைய ஸ்லாட்டில் மாட்டுங்கள். டிஸ்பிளே வந்தால் மதர்போர்டு நலமாக இருக்கிறது என்ற நிம்மதி கிடைக்கும். அடுத்து அதே ஸ்லாட்டில் புதிய ரேமை மட்டும் மாட்டுங்கள். அதுவும் வந்தால் புதிய ரேமும் நலம். பிறகு தேறிய ஒரு ரேமை இதுவரை காலியாக இருந்த ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். இங்கே நின்றால் குறை ஸ்லாட்டில் இருக்கிறது. பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த ஸ்லாட்டில் தூசி படிந்திருப்பது சாதாரணம். காற்றழுத்தக் குப்பியாலோ புளோயராலோ ஊதிவிட்டு மீண்டும் பாருங்கள். தனித்தனியே இரண்டு ரேமும் எல்லா ஸ்லாட்டிலும் வேலை செய்து, சேர்த்து மாட்டும்போது மட்டும் நின்றால் அது இரண்டுக்கும் இடையிலான பொருத்தக் குறை. ஒரே ஒரு ரேமோடு பயாஸுக்குள் சென்று வேகத்தை ஒரு படி குறைத்துவிட்டு மற்றதை மாட்டிப் பார்க்கலாம்; மதர்போர்டு நிறுவனம் புதிய பயாஸ் வெளியிட்டிருந்தால் அதையும் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் பயாஸ் ஏற்றும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே எழாமல் போகக்கூடும் என்பதால் யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

நம்மூர் சர்வீஸ் கடைகளில் ரேமின் தங்கநிற முனைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது நெடுநாள் வழக்கம். பழைய ரேமுக்கு அது உண்மையிலேயே பலன் தருகிறது. ஆனால் மென்மையான ரப்பராக இருக்க வேண்டும், ஒரே திசையில் லேசாகத் தேய்க்க வேண்டும், உதிர்ந்த துகளை முழுவதும் துடைத்த பிறகே மாட்ட வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதில் நனைத்த பஞ்சே மேல், முலாம் தேயாது.

டிடிஆர்5 என்ற அண்மைத் தலைமுறை ரேம் போடும் புதிய கணினியாக இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் பொறுமையாகக் காத்திருங்கள். ரேம் மாறியதும் மதர்போர்டு ஒவ்வொரு இணைப்பின் நேரக்கணக்கையும் அளந்து சரிசெய்துகொள்கிறது. மெமரி டிரெய்னிங் எனப்படும் இந்த வேலை சில நிமிடங்கள்கூட எடுக்கலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், கணினி ஓரிரு முறை தானாக அணைந்து எழவும் கூடும். இடையில் பொத்தானை அழுத்தி அணைத்தால் வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

ரேம் வகையே தவறாக இருப்பதும் உண்டு. டிடிஆர்3 ரேமில் 240 முனைகள், டிடிஆர்4-இலும் டிடிஆர்5-இலும் 288 முனைகள். வெட்டு இருக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால் மாற்றி மாட்ட முடியாது. எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை என்றால் மேலும் அழுத்தாமல் ஸ்டிக்கரைப் படியுங்கள். இதைவிடச் சிக்கலானது, கச்சிதமாக இறங்கியும் வேலை செய்யாத ரேம். சர்வரிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண மேசைக் கணினியில் இயங்காது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று விற்கப்படும் டிடிஆர்3 ரேமை இன்டெல் மதர்போர்டு ஏற்காது. ஜி41 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள பழைய மதர்போர்டுகள், ஒரு பக்கம் மட்டும் 8 சிப் கொண்ட 4 ஜிபி ரேமை ஏற்பதில்லை. இரு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ளதைத்தான் கேட்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய ரேம் வாங்குபவர்கள் மதர்போர்டின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போவதும், மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுவதும் அவசியம்.

கடைசி முயற்சி சிமாஸை, அதாவது பயாஸ் செட்டிங் சேமிக்கப்பட்டிருக்கும் நினைவகத்தை, அழிப்பது. மின்கம்பியைக் கழற்றி, மதர்போர்டிலுள்ள சிஆர்2032 நாணய பேட்டரியை எடுத்து, பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பொருத்தினால் பயாஸ் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். டிஸ்பிளே பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் அதோடு சாட்டா முறையும் பூட் முறையும் மாறியிருக்கலாம். முன்பு நன்றாக எழுந்த விண்டோஸ் இப்போது எழாமல் போவதற்கு இதுவே காரணமாகும். கேபினெட்டைத் திறப்பதற்கு முன் எடுத்த படத்தைப் பார்த்து அவற்றைப் பழைய நிலைக்கு மாற்றிய பிறகே விண்டோஸுக்குள் போக விடுங்கள்.

அறிகுறி: கணினி எழுகிறது, ஆனால் சேர்த்த ரேமின் அளவு முழுதாகத் தெரியவில்லை

முதலில் பயாஸில் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். அங்கேயே குறைந்தால் ஒரு ரேம் சரியாகப் பதியவில்லை, அல்லது மதர்போர்டின் உச்ச வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். எச்61, எச்81 சிப்செட் மதர்போர்டுகளுக்கு 16 ஜிபிதான் எல்லை; ஜி41-க்கு 8 ஜிபி. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் ஒரு ஜோடி ஸ்லாட் மட்டும் முழுதாகச் செத்ததுபோலத் தெரிந்தால், பிராசசரின் அடியிலுள்ள முனைகளில் ஒன்று வளைந்திருக்கலாம், அல்லது அதன்மேல் உள்ள கூலர் ஒரு பக்கமாக இறுக்கப்பட்டிருக்கலாம். ஜி41 போன்ற மிகப் பழையவை தவிர மற்றவற்றில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்தான் இருக்கிறது.

பயாஸில் சரியாக இருந்து விண்டோஸில் குறைந்தால் கணக்கு வேறு. 32 பிட் விண்டோஸ் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் காணாது. அதிலும் ஒரு பகுதி முகவரி கிராஃபிக்ஸ் போன்ற சாதனங்களுக்குப் போய்விடுவதால் மூன்று சொச்சம்தான் பயனுக்கு மிஞ்சும். இதற்கு 64 பிட் விண்டோஸை முதலிலிருந்து நிறுவுவது தவிர வேறு வழி இல்லை. 64 பிட்டாக இருந்தும் சில நூறு எம்பியோ 2 ஜிபி வரையோ குறைந்தால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அது திரைக்காக ஒதுக்கப்பட்ட பங்கு, குறை ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதி குறைந்தால் மட்டும் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, பூட் பக்கத்தின் மேம்பட்ட விருப்பங்களில் 'அதிகபட்ச நினைவகம்' என்பதில் யாராவது டிக் செய்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கணினியை வேகமாக்கும் குறிப்புகள் என்ற பெயரில் பரவிய தவறான ஆலோசனைகளில் அதுவும் ஒன்று.

அளவு சரியாக இருந்து வேகம் குறைவாகத் தெரிவது பற்றிக் கலங்க வேண்டாம். வெவ்வேறு வேகமுள்ள இரண்டு ரேம் சேரும்போது இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். அட்டையில் எழுதிய 3200 என்ற வேகம் வேண்டுமென்றால் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேகம் கூட்டும் செட்டிங்கை இயக்க வேண்டும். அதையும் பிராசசரும் மதர்போர்டும் அனுமதித்தால்தான் கிடைக்கும். நான்கு ஸ்லாட் மதர்போர்டில் இரண்டு ரேம் போடுபவர்கள் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டால் பெரும்பாலான மதர்போர்டுகளில் இரட்டைச் சேனல் (இரண்டு ரேமும் இரு பாதைகளில் ஒரே நேரத்தில் இயங்குவது) கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் இல்லாத கணினியில் இந்த ஒரு மாற்றம் விளையாட்டுகளில் கண்கூடாகத் தெரியும்.

அறிகுறி: இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடிவிட்டு நீலத் திரை வருகிறது

மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் போன்ற சொற்களோடு நீலத் திரை வருவது, பிரவுசர் பக்கங்கள் காரணமில்லாமல் சரிவது, இறக்கிய ஜிப் கோப்பு பழுது என்று வருவது ஆகியவை ரேம் குறையின் அடையாளங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். பழுதான ரேம் கணினியை நிறுத்துவதோடு விடுவதில்லை; சேமிக்கும் கோப்புக்குள்ளேயே தவறான எழுத்துகளை எழுதிவிடும். குடும்பப் படங்களும் கடைக் கணக்குகளும் அப்படிச் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். நீங்கள் எடுக்கும் பிரதியும் கெட்டதாகவே இருக்கும்.

விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை முதலில் ஓட்டலாம். ஆனால் நம்பத்தக்கது, பென் டிரைவிலிருந்து தனியாக இயங்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருள். இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விட இடமில்லை. பிழை வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். இப்போது தேறினால் ரேம் தன் இயல்பு வேகத்தில் நலம், கூட்டிய வேகத்தைத்தான் தாங்கவில்லை. அப்போதும் பிழை வந்தால் ஒவ்வொரு ரேமையும் தனியே சோதித்து, பிழை வரும் ஒன்றைப் பிரித்தெடுத்து, பிழை தெரியும் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

அறிகுறி: புதிய டிரைவ் பயாஸிலேயே தெரியவில்லை

சாட்டா டிரைவுக்கு இரண்டு இணைப்புகள் உண்டு: 7 முனையுள்ள குறுகிய தகவல் கேபிள், 15 முனையுள்ள அகலமான மின் கேபிள். இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதும் பாதி செருகுவதும்தான் பெரும்பாலும் நடக்கிறது. ஏற்கெனவே வேலை செய்யும் டிரைவின் கேபிள்களைக் கழற்றிப் புதிய டிரைவில் செருகிப் பாருங்கள். இப்போது தெரிந்தால் டிரைவ் நலம். கேபிளையோ போர்ட்டையோ மாற்றினால் போதும்.

இங்கே ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அது பொருந்துகிறதே என்று செருகவே கூடாது. டிரைவ் பக்கத்து முனை எல்லாருக்கும் ஒன்று, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையின் வரிசையோ நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல்கூட வேறு. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிரைவும் அதிலிருக்கும் எல்லாத் தகவலும் ஒரு நொடியில் போய்விடும். பழைய நான்கு முனை மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர்களிலும், கம்பிகள் பிளாஸ்டிக்கில் உருக்கி வார்க்கப்பட்ட மலிவு வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. கம்பிகள் தனித்தனியே அழுத்திப் பொருத்தப்பட்ட வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

மின்சாரம் கொடுத்தும் ஹார்டு டிஸ்க் சுழலவே இல்லை என்றால் இன்னொரு காரணம் உண்டு. சர்வர் வகை டிரைவுகளிலும் வெளிப்புற டிரைவின் பெட்டியை உடைத்து எடுத்த டிரைவுகளிலும், மின் இணைப்பின் மூன்றாம் முனையில் 3.3 வோல்ட் வந்தால் டிரைவை அணைக்கும் வசதி இருக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ் அந்த முனையில் எப்போதும் 3.3 வோல்ட் தருவதால் டிரைவ் எழவே எழாது. அந்த முனையை வெப்பம் தாங்கும் கேப்டன் டேப்பால் மறைத்தாலும், 3.3 வோல்ட் இல்லாத மோலெக்ஸ் அடாப்டரைப் போட்டாலும் அது சுழலத் தொடங்கும்.

கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் சிறு அட்டையான எம்.2 டிரைவு என்றால் வடிவம் ஒன்றுதான், உள்ளே பேசும் முறை இரண்டு: சாட்டா, என்விஎம்இ. ஒன்றுக்கு மட்டும் உரிய ஸ்லாட்டில் மற்றது மாட்டினால் இறங்கினாலும் தெரியாது. மதர்போர்டின் கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதே பக்கத்தில், இந்த ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட் இயங்காது என்ற குறிப்பும் பல மதர்போர்டுகளுக்கு இருக்கும். எம்.2 மாட்டியதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஹார்டு டிஸ்க்கின் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் திரும்பி வந்துவிடும். எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் வழியாக என்விஎம்இ மாட்டலாம். ஆனால் அந்தக் காலத்து பயாஸ்களில் பெரும்பாலானவை அதிலிருந்து விண்டோஸை ஏற்றத் தெரியாதவை. அப்படிப்பட்ட கணினிக்குச் சாட்டா எஸ்எஸ்டியே பொருத்தம்.

அறிகுறி: பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் தெரியவில்லை

டிரைவில் எந்தக் குறையும் இல்லை. புதிய டிரைவு பிரிக்கப்படாமல் வெறுமையாக வருகிறது. ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், டிரைவைத் தொடங்கிவைக்கச் சொல்லி ஒரு பெட்டி வரும். அதில், டிரைவின் பகுதிகளைக் குறித்துவைக்கும் புதிய முறையான ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையான எம்பிஆர் 2 டிபிக்கு மேல் கையாளாது. பிறகு கறுப்புப் பட்டையில் வலது சொடுக்கி, புதிய பகுதி உருவாக்கி, எழுத்து ஒன்று கொடுத்தால் டிரைவ் வந்துவிடும். 1 டிபி டிரைவ் 931 ஜிபியாகவும் 500 ஜிபி டிரைவ் 465 ஜிபியாகவும் தெரிவது ஏமாற்று அல்ல. தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

வேறு கணினியிலிருந்து கழற்றிய, தகவல் உள்ள டிரைவாக இருந்தால் நிதானம் தேவை. 'பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்காதீர்கள். டிரைவைத் தொடங்கிவைக்கவும் வேண்டாம். எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால் அதைக் கொடுத்தாலே போதும். ஆஃப்லைன் என்று காட்டி, கையொப்ப மோதல் என்று காரணமும் சொன்னால், பழைய டிரைவின் நகலும் மூலமும் ஒரே கணினியில் இருக்கின்றன என்று பொருள்.

அறிகுறி: சின்னம் வருகிறது, விண்டோஸ் எழவில்லை

பூட் டிவைஸைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கறுப்புத் திரை வந்தால், பயாஸ் புதிய வெற்று டிரைவை முதலில் வைத்திருக்கிறது. பூட் வரிசையில் பழைய டிரைவையோ 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரியையோ மேலே கொண்டுவாருங்கள். இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ் என்ற நீலத் திரை வந்தால் சாட்டா முறை ஏஎச்சிஐ, ரெய்டு இரண்டில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியிருக்கிறது. பழையதற்கே திருப்பிவிடுங்கள், விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதில்லை. நீலத் திரையில் பிட்லாக்கர் சாவி கேட்டால் எழுதி வைத்த எண்ணைக் கொடுங்கள். எழுதி வைக்காதவர்கள் தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடலாம். பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

பழைய டிரைவை எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்தவர்கள் (அப்படியே நகலெடுத்தவர்கள்), முதல் தடவை எழுப்பும்போது எஸ்எஸ்டியை மட்டும் இணைத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுபவர்களுக்கும் இதே விதிதான். பழைய ஹார்டு டிஸ்க்கும் இணைந்திருந்தால், நிறுவும் நிரல் விண்டோஸை எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, அதை எழுப்பும் பூட் கோப்புகளை ஹார்டு டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் பூட் பகுதிக்குள் வைத்துவிடும். எல்லாம் சரியாக ஓடும். பல மாதம் கழித்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றும் நாளில்தான் கணினி எழாது. நிறுவும்போது டிரைவே பட்டியலில் தெரியாவிட்டால், 11-ஆம் தலைமுறை இன்டெல் முதலான கணினிகளில் பயாஸிலுள்ள விஎம்டி (டிரைவுகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) செட்டிங் காரணமாக இருக்கலாம்; புதிதாக நிறுவும்போது அதை அணைத்துவிடலாம்.

அறிகுறி: எஸ்எஸ்டி போட்டும் கணினி மெதுவாகவே இருக்கிறது

விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எஸ்எஸ்டியை டி டிரைவாகச் சேர்த்துப் படங்களை வைத்துவிட்டு, விண்டோஸைப் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே விட்டுவைத்தால் வேகம் ஏறாது. விண்டோஸை மாற்றிய பிறகும் மெதுவென்றால் போர்ட்டைப் பாருங்கள்: எச்81-இல் நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டுதான் வினாடிக்கு 6 கிகாபிட், மற்ற இரண்டும் 3 கிகாபிட், எச்61 சிப்செட்டில் எல்லாமே 3 கிகாபிட்தான். பெரிய கோப்பைப் படிக்கும்போது 550 எம்பிக்குப் பதில் 270 எம்பி அளவுதான் கிடைக்கும் என்றாலும், அன்றாட வேலையில் ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய முன்னேற்றம். அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டாம்.

இடையிடையே சில வினாடி உறைந்து நிற்கும் கணினியில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு எல்லா டிரைவின் நலத்தையும் பாருங்கள். சி7 என்ற வரியின் எண் நாளுக்கு நாள் ஏறினால் குறை சாட்டா கேபிளில். கேபிளை மாற்றினால் எண் அதோடு நின்றுவிடும், குறையாது. பழைய ஹார்டு டிஸ்க்கின் 05, சி5 வரிகளில் சுழியம் அல்லாத எண் இருந்தால் அந்த டிரைவ் தேய்கிறது. அதைப் படிக்க விண்டோஸ் திரும்பத் திரும்ப முயல்வதால்தான் எஸ்எஸ்டியில் உள்ள நிரல்களும் காத்துக்கிடக்கின்றன. அதிலுள்ள கோப்புகளை அன்றே பிரதி எடுத்துவிட்டு டிரைவைக் கழற்றுங்கள்.

பெயர் தெரியாத நிறுவனத்தின் எஸ்எஸ்டி மிக மலிவாகக் கிடைத்திருந்தால், தகவல் வைக்குமுன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைக் கொண்டு முழு அளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 2 டிபி என்று காட்டிவிட்டு உள்ளே அதில் ஒரு சிறு பங்கே இருக்கும் போலிகள் உலவுகின்றன.

குறை பொருளில்தான் என்று உறுதியானால் வாரன்டியில் மாற்றக் கொண்டுபோகும்போது பில்லோடு மெம்டெஸ்ட் பிழைத் திரையின் படத்தையோ கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திரையின் படத்தையோ எடுத்துச் செல்லுங்கள். எந்த ஸ்லாட்டில், எந்த ரேமோடு, எந்தக் கட்டத்தில் கணினி நின்றது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் கடையில் ஒரு முறை மாட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.